மருதாணி விரல்

கொரோனா என்று ரிசல்ட் வந்த மதிவதனியை அவசரப் பிரிவுக்கு அழைத்து வந்திருந்தார்கள். விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் அறுபத்திரண்டு என்றது. அவளோ திணறாமல், தள்ளிப்போன நிச்சயதார்த்தத்தைப் பற்றிப் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

“விரல் நுனியெல்லாம் மருதாணித் தொப்பி வச்சிருக்கால்ல சிஸ்டர், அதான் மிஷின் தப்பாக் காட்டுது,” என்றாள் அம்மா.

நர்ஸ் பெனிட்டாவுக்கும் அதை நம்பத்தான் ஆசை. கால் விரலில் மாட்டிப் பார்த்தாள். அங்கும் மருதாணி, அங்கும் அறுபத்திரண்டு.

அருகில் நின்ற மதிவதனியின் தங்கையின் கையைப் பிடித்து இழுத்தாள். ஒரே உரலில் அரைத்த மருதாணி, அதே கருஞ்சிவப்பு. கருவி தொண்ணூற்றெட்டு காட்டியது.

பெனிட்டா ஆக்சிஜன் மாஸ்க்கைக் கையில் எடுத்தாள்.

மதிவதனி போனைக் காதிலிருந்து எடுத்தாள். “என்னம்மா, ஏன் எல்லாரும் என்னையே பாக்குறீங்க?”