தலைக்கட்டு

சூப்பர்வைசர் வசந்தகுமார் ஒரு பொய் மீனைக் கொண்டுவந்து ஹேமாவதியின் மேசைமேல் வைத்தார்.

மீன்கள் கடித்துக் குதறிய பழைய உருப்படி. தூண்டில் முள்ளைச் சுற்றியிருந்த வெள்ளி ஜரிகை கறுத்திருந்தது. மேலே கட்டிய மஞ்சள், சிவப்பு மான்வால் முடி பாதி உதிர்ந்திருந்தது.

பெட்டியில் மிக்கி ஃபின் என்று அச்சடித்திருப்பார்கள். கும்மிடிப்பூண்டி ஷெட்டில் கட்டும் பெண்களுக்கு அது 'மஞ்ச சேப்பு'. எங்கோ குளிர்ந்த ஆற்றிலிருக்கும் டிரவுட் என்ற மீன், இதைக் குட்டி மீன் என்று நம்பிக் கவ்வுமாம். ஒன்பது வருடமாகக் கட்டுகிறாள். அந்த மீனை அவள் பார்த்ததில்லை.

கூடவே வந்த அட்டையில் அவளுடைய இருக்கை எண் பதினேழு. அதன் கீழே, கட்டிய தேதி.

சரக்கு திரும்பி வந்தால் திட்டுதான். காலையில் ஆரம்பாக்கத்தில் ரயிலைப் பிடிக்க ஓடியதிலிருந்தே கால் கடுத்தது. சீக்கிரம் திட்டிவிட்டுப் போனால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"பயப்படாதம்மா. நாப்பது மீனு கடிச்சும் தலைக்கட்டு அவுரலயாம். வாங்குன வெள்ளக்காரரு ஆசையா திருப்பி அனுப்பிக்கிறாரு. இனிமே எல்லாரும் இதே மாரிதான் கட்டணுமாம். எத்தினி சுத்து சுத்துன?"

வசந்தகுமார் வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. பக்கத்து இருக்கை முபீனா அட்டையை எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தலைக்கட்டு என்பது முடி நழுவாமலிருக்க முள்ளின் முன்பக்கம் கறுப்பு நூலால் போடும் கட்டு. ஐந்து சுற்று, ஒரு முடிச்சு, ஒரு வெட்டு. எல்லாரும் அப்படித்தான். இதில் தலை மிளகு போல உருண்டு நின்றது.

"எண்ணல சார்."

வசந்தகுமார் கட்டை உருட்டிப் பார்த்து அவராகவே ஒரு கணக்குப் போட்டார். பிறகு போர்டில் 'இன்று முதல் பன்னிரண்டு சுற்று' என்று எழுதினார். ஷெட்டே ஒருமுறை பெருமூச்சு விட்டது.

ஹேமாவதி அடுத்த முள்ளை எடுத்தாள். தேதி மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை.

அட்டையிலிருந்த அந்தத் தேதியன்று காலை பதினோரு மணி இருக்கும். கொழுந்தன் மதன் போன் செய்தான். உருக்காலையில் வேலையிலிருந்த அவள் கணவன் தணிகாசலத்துக்கு நெஞ்சுவலி, ஜி.எச்.சில் சேர்த்திருக்கிறோம் என்றான்.

இதோ ஓடி வருகிறேன் என்றாள்.

"ஓடியாராதீங்க அண்ணி," என்றான் மதன். "மெதுவாவே வாங்க."

அவளுக்குப் புரிந்துவிட்டது.

எழுந்திருக்க முடியவில்லை. கையில் மஞ்ச சேப்பு ஒன்று பாதியில் நின்றது. அதை முடித்துவிட்டுப் போகலாம் என்று நூலைச் சுற்றினாள். சுற்றிக்கொண்டே இருந்தாள். வெட்டினால் எழுந்து போக வேண்டும். போனால் பார்க்க வேண்டும்.

கடைசியில் முபீனாதான் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, நூலை வெட்டிவிட்டாள்.