ஆறாவது கஷாயம்

ஆறாவது முறையாக வாட்ச்மேன் என் எதிரில் வந்து உட்கார்ந்தபோது, அவர் நெற்றியில் நான்கு தையல் இருந்தது.

முந்தின நாள் காலை பால் வாங்கப் போனவர், நடுரோட்டில் கண் இருட்டி விழுந்துவிட்டாராம். ஓய்வு பெற்ற நாளிலிருந்து இரண்டு மாதமாகக் கொட்டக் கொட்ட விழித்திருக்கும் உடம்பு வேறு என்ன செய்யும்?

இந்த முறை மனைவியும் கூட வந்திருந்தார். 

நான் மூலிகை வைத்தியன். தூக்கம் வராதவர்களைத் தூங்க வைப்பதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. கொஞ்சம் கர்வமும் உண்டு. இரண்டையும் இந்த மனிதர் தரைமட்டமாக்கியிருந்தார்.

முதலில் சாதிக்காய்ப் பால் கொடுத்தேன். ருசியாக இருக்கிறது, இன்னொரு டம்ளர் குடிக்கலாமா என்று கேட்டார்.

சீமைச்சாமந்திப் பூவைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னேன். இரவில் ஐந்து முறை பாத்ரூம் போனதுதான் மிச்சம்.

வாழைப்பழமும் பூசணி விதையும் தின்னச் சொன்னதில் இரண்டு கிலோ ஏறினார்.

அமுக்கராக் கிழங்குப் பொடி கொடுத்தேன். உடம்பில் புதுத் தெம்பு வந்து, விடிய விடியப் பரணை ஒழித்துத் துடைத்தாராம்.

ஐந்தாவது முறை எனக்கே ஒன்றும் தோன்றவில்லை. பகலிலாவது கொஞ்சம் சாயுங்களேன் என்று சொல்லிவைத்தேன். மனிதர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

கோபம் வராதா பின்னே? முப்பத்தொரு ஆண்டு இரவுக் காவல். இரும்புச் சாமான் கிடங்கு. ஒரு திருகாணிகூடக் காணாமல் போனதில்லை. கடைசி நாளன்று முதலாளியே அவரை மேடையேற்றி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தவர் என்று பேசியிருக்கிறார். அப்படிப்பட்டவர் பெண்டாட்டி பார்க்கப் பட்டப்பகலில் படுப்பாரா?

இன்றைக்குக் கையிலிருந்த வேர்களையெல்லாம் ஒன்றாகப் போட்டு ஒரு கஷாயம் காய்ச்சி வைத்திருந்தேன். கசப்பில் அதற்கு அண்ணன் தம்பி கிடையாது. அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்க ஆரம்பித்தார்.

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன்.

"கடைசியா எப்பங்க நல்லா தூங்கினீங்க?"

வாட்ச்மேன் சுவரைப் பார்த்தார். மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். நான் புரிந்துகொண்டு அந்த அம்மாவைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னேன். அவர் நகரவில்லை.

"டூட்டியில," என்றார் வாட்ச்மேன், நெஞ்சுக்குள்ளேயே.

"என்னைக்காச்சும் ஒரு நாளா?"

"தினமும்."

முப்பத்தொரு ஆண்டு கட்டிக்காத்த மானம் கட்டிய மனைவி எதிரிலேயே கப்பலேறிவிட்டது. பாவம், வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

மூடியவர் திறக்கவில்லை. அரை நிமிடத்தில் குறட்டை வந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்தே நிமிடத்தில் ஆளைச் சாய்த்த கஷாயம்! வாசல் பலகையில் என்ன எழுதுவது என்பதுவரை யோசித்துவிட்டேன்.

அதற்குள் அந்த அம்மா எழுந்திருந்தார்.

ஜன்னல் கொக்கியைப் போட்டார். என் மருந்து அலமாரியின் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். குனிந்து மேஜைக்கு அடியில் ஒரு பார்வை. வெளியே காத்திருந்தவர்களில் ஒருவர் தலையை நீட்டினார்.

"யாரு? என்ன வேணும்? அப்படியே நில்லுங்க."

தாழ்ந்த குரல்தான். அந்த ஆள் அப்படியே பின்வாங்கிவிட்டார். நானும் என்னையறியாமல் எழுந்து நின்றிருந்தேன்.

"இதெல்லாம் எங்கம்மா கத்துக்கிட்டீங்க?"

"கிடங்குக்குப் பின்னாடிதான் எங்க வீடு. கல்யாணமான முதல் மாசமே பாத்துட்டேன், பத்தரைக்கெல்லாம் குறட்டை. வேலை போச்சுன்னா சோத்துக்கு எங்க போறது? டார்ச்ச எடுத்துக்கிட்டு நான் சுத்தி வருவேன். நாலரைக்குத் தகரத்து மேல ஒரு கல்லைப் போட்டுட்டு வீட்டுக்கு ஓடிருவேன். பூனைன்னு நினைச்சு எழுந்திருப்பாரு."

"அவருக்குத் தெரியாதா?"

"அவருக்குத் தெரியாது. உடம்புக்குத் தெரிஞ்சிருக்கு போல. நான் முழிச்சிருந்தாத்தான் அதுக்குத் தூக்கம் வருது. இப்ப ராத்திரியானா நான் அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கிடுறேன். அத்தனை வருஷத் தூக்கம் பாருங்க."

டம்ளரைப் பார்த்தேன். கஷாயம் முக்கால்வாசி அப்படியே இருந்தது.

 வைத்தியனாக எதையாவது சொல்லியாக வேண்டுமே என்று, கவலைப்படாதீர்கள், அவருக்கு இதைவிட நல்ல மருந்தாகப் பார்த்துத் தருகிறேன் என்றேன்.

"அவருக்கு வேணாங்க."

கணவரின் தையல்மேல் உட்கார வந்த ஈயை முந்தானையால் விரட்டினார்.

"எனக்குத்தான் கேட்டு வந்தேன். ராத்திரியில தூக்கம் வராம இருக்குறதுக்கு ஏதாச்சும் வேர் இருந்தா குடுங்க."