செய்ய ஒன்றுமில்லை

"மேடம், இந்த மெஷினை யாராச்சும் தொட்டாங்களா?"

வெற்றிவேல் கேட்ட தொனியிலேயே அந்த 'யாராச்சும்' யாரென்று தெரிந்தது. சூர்யகலா அவித்த மல்லாட்டையை உடைத்துக் கடலையை வாயில் போட்டுக்கொண்டே நிமிர்ந்தாள்.

"எனக்கு முன்னாடி வந்தது நீங்கதானே சார். சாவியும் உங்ககிட்டதானே இருந்துச்சு?"

பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் பார், என்று நினைத்துக்கொண்டான்.

திண்டிவனத்துக் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் இருவருமே தற்காலிக ஆட்கள். இந்த 1999ஆம் வருஷத்தில் நிரந்தரமாகப்போவது ஒருவர்தான். மூன்று மணிக்குப் பல்கலைக்கழகக் கமிட்டி வருகிறது. நிரலை வரி வரியாகப் படித்து ஓட்டும் இன்டர்ப்ரெட்டர் ஒன்றை இங்கேயே கட்டி, அவர்கள் முன் ஓட்டிக் காட்ட வேண்டும். அடிப்படைப் பகுதியை நேற்றுச் சாயங்காலம் சூர்யகலா கட்டி முடித்துவிட்டாள். திரையில் படம் வரையும் மாட்யூல் என்ற துணைப்பகுதியை அதில் சேர்ப்பது இன்றைக்கு வெற்றிவேலின் பொறுப்பு.

அது ஒன்றும் பிரமாத வேலையில்லை. விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் மாட்யூல்களெல்லாம் ஒரு ஃபைலில் வரிவரியாக இருக்கும். வேண்டாத வரிக்கு முன்னால் ஒரு # குறி. வேண்டுமென்றால் குறியை அழித்துவிட்டு மறுபடி கட்டச் சொன்னால், மாறியதை மட்டும் மெஷின் புதிதாகக் கட்டிக்கொள்ளும்.

இதற்காகவே விழுப்புரம் பக்கம் காணையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தான். கிளம்பும்போது வழக்கம்போலக் காலண்டரைப் பார்த்துக்கொண்டான். லேபுக்குள் நுழைந்ததும் ஒரு சின்னக் காரியத்தை முடித்துவிட்டுத்தான் வேலையில் உட்கார்ந்தான். குறியை அழித்தான். கட்டச் சொன்னான். ஏதோ எச்சரிக்கை திரையில் ஓடியது. அதையெல்லாம் எவன் படிக்கிறான்? கடைசி வரியைத்தான் பார்த்தான். எல்லாம் சரியாக இருக்கிறது, செய்ய ஒன்றுமில்லை என்றது மெஷின்.

ஃபைலைத் திறந்து பார்த்தான். அழித்த குறி அழித்தபடியே இருந்தது. மறுபடி கட்டச் சொன்னான். செய்ய ஒன்றுமில்லை. பன்னிரண்டு மணிக்குள் பத்துத் தடவை கேட்டுவிட்டான். பத்துத் தடவையும் அதே பதில். அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. நாலு வருஷம் இந்த லேபில் ஒட்டடை அடித்ததுமுதல் ஒயர் இழுத்ததுவரை செய்தவன், இந்த ஒரு வரியில் கோட்டை விடப்போகிறானா?

"இன்னும் ஆகலையா சார்? நான் வேணா ஒருவாட்டி பாக்கட்டா?" சூர்யகலா எழுந்து வந்தாள்.

"வேணாம் மேடம். நீங்க நேத்து பார்த்ததே போதும்."

"இன்னா சார், ஒரு மாதிரி பேசறீங்க?"

"மெஷினோட பாஸ்வேர்டு தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. நான் எதுவும் கெடுக்கல. அப்ப நீங்களே கணக்குப் போட்டுக்கங்க."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. ஒன்றும் பேசாமல் தன் இடத்தில் போய் உட்கார்ந்து நோட்டை விரித்துக்கொண்டாள். குட்டு வெளிப்பட்டதும் வாய் அடைத்துவிட்டது என்று தீர்மானித்தான் அவன். அதே மெஷினில் மளமளவென்று ஒரு புகாரை அடித்து, அச்செடுத்து, பிரின்சிபால் சுப்பராயலுவின் மேஜையில் வைத்துவிட்டு வந்தான்.

இரண்டரை மணிக்குச் சுப்பராயலு அந்தக் காகிதத்தோடு லேபுக்கே வந்துவிட்டார்.

"இன்னாய்யா இது? இன்னிக்கு அஞ்சாம் தேதி நீ வேலை பண்ணிக்கினு இருந்தப்போ, மெஷின் ஓடாதபடி இந்தம்மா நாசவேலை பண்ணியிருக்குதுன்னு எழுதியிருக்க."

"ஆமா சார்."

"பேப்பர் மேல தானா விழுந்திருக்கிற தேதியைப் பாரு. நாலாம் தேதி. இன்னிக்கு நடக்கப்போறதை நேத்தே எழுதி வெச்சிக்கினியா? பொம்பளை மேல பழி போடணும்னு திட்டமா?"

சூர்யகலா காகிதத்தை எட்டிப் பார்த்தாள். சட்டென்று மெஷின் முன்னால் உட்கார்ந்து ஏதோ தட்டினாள்.

"சார், அவர் இதை இன்னிக்குத்தான் எழுதியிருப்பாரு. மெஷின்ல தேதியே நேத்துக் காலைக்குத் தள்ளி வெச்சிருக்குது. கடைசியா கட்டினதுக்கு அப்புறம் திருத்தின ஃபைலைத்தான் அது மறுபடி கட்டும். நான் கட்டினது நேத்து சாயங்காலம். அதனால இவர் இன்னிக்குத் திருத்தினதை அதுக்கு முந்தினதுன்னு மெஷின் நினைச்சிக்கினு, புதுசா எதுவுமில்லன்னு சும்மா இருந்துடுச்சு."

தேதியைச் சரிசெய்தாள். அந்த ஃபைலை மறுபடி சேமித்துவிட்டுக் கட்டச் சொன்னாள். இரண்டு ஐம்பதுக்குத் திரையில் ஒரு வட்டம் அழகாக வந்து நின்றது.

சுப்பராயலு அவளைப் பார்த்துத் தலையாட்டினார். "கமிட்டிக்கு நீயே காட்டும்மா." பிறகு வெற்றிவேல் பக்கம் திரும்பினார்.

"சரி, தேதியைத் தள்ளி வெச்சது யாரு? பாஸ்வேர்டு தெரிஞ்சது ரெண்டே பேருக்குன்னு நீதான் எழுதியிருக்க. கம்ப்யூட்டரைப் படிச்சவங்க யாராச்சும் இப்படிப் பண்ணுவாங்களா?"

இன்றைக்குக் கரிநாள், வாழ்க்கையையே மாற்றப்போகும் காரியத்தை இந்த நாளிலா தொடங்குவது என்று, காலையில் வந்ததும் முதல் வேலையாக மெஷினை நேற்றைய நல்ல நாளுக்குத் திருப்பி வைத்தவன் வெற்றிவேலேதான்.