தோளில் வந்த குடம்

"ஏம் புள்ளே, வண்டி நெறையப் பெட்டி வந்திருக்குது. இந்த ஒரு கொடத்த மட்டும் எதுக்குத் தோள்ல வெச்சுத் தூக்கீட்டு வந்தே? பஸ் ஸ்டாண்டே நின்னு வேடிக்கை பாத்துதாமா!"

பெரியப்பா சென்னியப்பனின் குரல் கண்காட்சிக் கூடத்தின் கடைசி மேசை வரைக்கும் கேட்டது. பொன்னாத்தாள் குடத்தை மெதுவாக இறக்கி வைத்தாள். இடது தோள் கன்றிப்போயிருந்தது.

"பெட்டியில வெச்சா ஒடஞ்சுருமுங்க பெரீப்பா."

"எம்பையன் ஈஸ்வரன் சும்மாதானே வந்தான்? அவங்கிட்டக் குடுக்கறது."

"அண்ணன் தொட வேண்டாமுங்க." வெடுக்கென்றுதான் சொன்னாள்.

அது 1974 மார்கழி. பாலக்காட்டில் பீங்கான், சுடுமண் கலைக்கென்று முதல்முறையாக ஒரு கண்காட்சி. கோவிந்தாபுரத்து விவசாயக் குடும்பத்தில் பி.எஸ்ஸி. முடித்த முதல் ஆள் பொன்னாத்தாள். முடித்தவள் ஆபீசுக்குப் போகாமல் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்ததில் பெரியப்பாவுக்கு நாலு வருடமாகத் தலைக்குனிவு. சூளை நிற்பது என்னவோ அவர் தோட்டத்து மூலையில்தான்.

கண்காட்சி நடத்தும் ரோசி டீச்சர் வேகமாக வந்தாள். "பொன்னாத்தா, இந்தக் கொடத்துக்கு மட்டும் விலைச்சீட்டு எங்கே? வாங்க வந்திருக்கிற மெட்ராஸ்காரர், நீ வாசல்ல வரும்போதே பார்த்துட்டு ரெண்டு தடவை கேட்டாச்சு."

"இது விக்கறதுக்கில்லீங்க டீச்சர். பார்வைக்கு மட்டும்."

மெட்ராஸ்காரர் கேட்டார் என்றதும் சென்னியப்பனின் முகம் மாறியது. அப்போதுதான் குடத்தை ஒழுங்காகப் பார்த்தார். உமிச் சாம்பல் மெருகில் அது மழை ஓய்ந்த வயல் மாதிரிப் பளபளத்தது. சந்தையில் பானை வாங்குகிறவர் போல விரல் முட்டியால் தட்டினார். கணீரென்றது.

"இத்தன பெருசு வெடிக்காம எப்படி வெந்துது?"

"சுட்ட ஓட்ட இடிச்சுப் பொடியாக்கி மண்ணோட பெசஞ்சா வெடிக்காதுங்க."

"ஏது ஓடு?"

"பழைய கொடத்து ஓடுங்க."

"கெட்டிக்காரிதான்!" பெரியப்பா சுற்றிலும் பார்த்துக் குரலை உயர்த்தினார். "மெட்ராஸ்காரனுக்கு எதுக்கு? வர்ற தையில ஈஸ்வரன் கலியாணம். மணவறைக்கு முன்னால நெறகொடமா இதத்தான் வெக்கோணும். எங்கூட்டுப் புள்ள செஞ்சதுன்னு நானே சொல்லுவேன்."

இந்த வார்த்தைக்குத்தான் நாலு வருடம் காத்திருந்தாள். வேறெந்தக் குடத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் அழுதிருப்பாள்.

"வேற எத வேணும்னாலும் எடுத்துக்குங்க. இது மட்டும் வேண்டாமுங்க."

"செரி, இதே மாதிரி இன்னொண்ணு பண்ணிக் குடு."

"முடியாதுங்க. அந்தப் பொடி ஒரு கொடத்துக்குத்தான் இருந்துது."

"ஓட்டுக்கா ஊர்ல பஞ்சம்? திமிரு புள்ளே உனக்கு! உங்கப்பன் இருந்திருந்தா இப்படிப் பேசுவியா?"

"அப்பன் இருந்திருந்தா இந்தக் கொடமே இல்லீங்க."

"படிச்ச வாயி!" சென்னியப்பன் மேசையில் ஓங்கித் தட்டினார். சின்னக் கிண்ணங்கள் நடுங்கின. "சூளை என்ற நெலத்துல நிக்குது. நாளைக்கே ஆள உட்டு இடிச்சுப் போடுவேன். கொடம் வேணுமா, சூளை வேணுமா? நீயே சொல்லு."

அவர் சொன்னால் செய்கிறவர். சூளை போனால் அவள் கையில் மிஞ்சுவது சர்ட்டிபிகேட் ஒன்றுதான். கொடுத்துத் தொலைத்துவிடலாமா? யாருக்குத் தெரியப்போகிறது? மணவறையில் இந்தக் குடம் நிற்பதை நினைத்தபோது கசப்பாக ஒரு சிரிப்புகூட வந்தது. உடனே, பரிசம் போட்ட அன்று தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அந்தக் கல்யாணப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. அவள் என்ன செய்தாள் பாவம்.

"டேய் ஈஸ்வரா! வந்து தூக்கு இத."

பெரியப்பாவின் மகன் ஈஸ்வரமூர்த்தி தயங்கித் தயங்கி வந்து கையை நீட்டினான். பொன்னாத்தாள் குறுக்கே நின்றாள்.

"நீங்க ஒருக்காத் தூக்குனது போதுமுங்கண்ணா. போன வருசம் ஐப்பசியில, பொட்டப்புள்ள கொடம் தூக்கப்படாதுன்னு பெரீப்பா என்னைய ஊட்டுலயே நிறுத்தீட்டாரு. சுடுகாட்டுல நீங்கதான் எங்கப்பனச் சுத்தி வந்து, கொடத்தப் பின்னால போட்டு ஒடச்சுட்டுத் திரும்பிப் பாக்காம வந்தீங்க." அவள் குரல் உடையவில்லை. "அந்த ஓட்டத்தான் மறுநாள் நானே போயிப் பொறுக்கியாந்து இடிச்சேன்... எங்கப்பன் கொடத்த நான் இன்னிக்குத்தானுங்க தோள்ல தூக்குனேன்."