காட்டானைக்கு ஒரு பழம்

ஊர்க் கோயில் யானைக்குக் கொடுத்துப் பழகிய கை, சாம்பியாவில் யாரும் அதிகம் போகாத காட்டுக்கு வந்தும் சும்மா இருக்கவில்லை. ஜீப்பை ஒட்டி நின்ற இளங்கொம்பனிடம் தாணுமாலயன் வாழைப்பழத்தை நீட்டிவிட்டு, ஆசீர்வாதத்துக்குத் தலையையும் குனிந்து கொடுத்தார். யானை பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டது. ஜீப்பை ஓட்டிய வழிகாட்டி முசோண்டா பதறி வண்டியைக் கிளப்பினான்.

"கைய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியளா?" என்றாள் மனைவி பிரமு.

"நான் என்ன வெசமா குடுத்தேன்?" என்றவர், முசோண்டாவிடம் அரைகுறை இங்கிலீஷில், "தப்பாப்பா?" என்று கேட்டார்.

"வலப்பக்கம் வரிக்குதிரை பாருங்கள், சார்."

"வயித்துக்கு ஒத்துக்காதோ?"

"அந்த மரத்தில் கழுகு."

யானை வண்டிக்குப் பின்னாலேயே ஓட்டமும் நடையுமாக வந்தது. மறந்துபோன ஆசீர்வாதத்தைக் கொடுக்கத்தான் வருகிறது என்று சொல்லிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. மிச்சப் பழங்களைப் பையின் அடியில் ஒளித்தார்.

"அதுக்கு என்னப்பா ஆகும்? நேரா சொல்லு."

முசோண்டா கண்ணாடியில் யானையைப் பார்த்தபடியே சொன்னான்: "இனி எந்த வண்டியைக் கண்டாலும் பழம் தேடி வரும், சார். கிடைக்காத அன்றைக்கு வண்டியைக் கவிழ்க்கும். அப்புறம் சுட்டாக வேண்டும். இதன் அம்மாவையும் யாரோ இப்படித்தான் பழக்கினார்கள். அதைச் சுட்டது நான்."