கொசுறு கிடையாது

"இதுக்கு ஒரு முடிவு தெரியாம யாரும் இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது" என்றார் தோன் பெலிசாரியோ.

பட்டறையில் அப்போது இருந்தவர்கள் நான்கு பேர். எழுபத்தெட்டு வயதிலும் முதுகு வளையாத தோன் பெலிசாரியோ அரிசா. அவர் செய்யும், கிட்டார் போன்ற திப்ளே வாத்தியங்களை ஆன்லைன் சந்தையில் விற்கும் மகள் நுபியா. மருமகன் ஹெர்சோன். ஊசி நூல் கடன் கேட்க வந்து, வந்த வேலையை மறந்து உட்கார்ந்துவிட்ட பக்கத்து வீட்டு எல்வியா.

நுபியா கைபேசியை மறுபடியும் பார்த்தாள். மெதெயின் நகரத்துக்கு அனுப்பிய பன்னிரண்டு தந்தி திப்ளே. வாங்கியவன் புகார் எழுதியிருந்தான்: 'பெட்டிக்குள் மூன்று விறகுக் கட்டைகள்தான் இருந்தன. வேறு எதுவுமே இல்லை.' கூடவே ஒரு படம்.

சந்தை நிறுவனம் பணத்தை நிறுத்தி வைத்துவிட்டது. பகல் பன்னிரண்டு மணிக்குள் ஆதாரம் கொடுத்தால் 'விற்பவர் பாதுகாப்பு' கிடைக்கும். இல்லாவிட்டால் பணம் அவனுக்கே திரும்பிப் போகும். அரிசா கடையின் பக்கத்தில் 'மோசடி உறுதி' என்று முத்திரை விழும்.

மணி பதினொன்று.

"பணம் போனா மயிரே போச்சு" என்றார் பெரியவர். "நாலு தலைமுறையா இந்த வாசல்ல ஒருத்தன் குறைன்னு வந்து நின்னதில்லை. விறகு வித்தவன்னு என் பேருக்குப் பக்கத்துல எழுதுவானா?"

"கூரியர் ரசீது இருக்குல்ல?" என்றாள் எல்வியா.

"பெட்டி வந்துச்சுன்னு அவனே ஒத்துக்கிறான் அக்கா. உள்ளே என்ன இருந்துச்சுங்கிறதுதான் சண்டை. எடைக்கு எடை கட்டையை அடுக்கிப் படம் எடுத்திருக்கான், படுபாவி."

"நீ கட்டும்போது வீடியோ எடுக்கலையா?"

"அன்னிக்குப் பார்த்து போன்ல சார்ஜ் இல்லை."

ஹெர்சோன் மெல்ல எழுந்து அலமாரிப் பக்கம் நகர்ந்தான்.

"மாப்பிள்ளை, கவலை வந்தாலும் உங்களுக்குக் கால் அந்த டப்பா பக்கம்தான் போகுது" என்றார் பெரியவர்.

"தண்ணி குடிக்கப் போறேன் மாமா."

டப்பாவில் இருப்பது வீட்டில் கிண்டிய கொய்யாக் கட்டி. காய்ந்த இலையில் சுற்றி, 'அரிசா வீடு' என்று முத்திரை குத்தி வைத்திருப்பார்கள். கடை வாசலுக்கு வந்து வாங்குகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு கட்டி கொசுறு. மூன்று வருடமாக அந்த டப்பாவில் கணக்கு உதைத்தது. வாரத்துக்கு ஒன்றிரண்டு காணாமல் போகும். ஹெர்சோனின் தொப்பையைப் பார்த்து வீடே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

மூன்று வருடத்துக்கு முன் ஆன்லைன் விற்பனை தொடங்கிய அன்று, பொட்டலத்திலும் ஒரு கட்டி வைக்கலாமா என்று நுபியா கேட்டாள். பெரியவர் சீறினார். "கொசுறு முகம் பார்த்துக் குடுக்கிறது. போனைத் தட்டி வாங்கறவனுக்கு எதுக்கு? ஒரு கட்டிகூட இந்த வீட்டைத் தாண்டக் கூடாது." அதோடு சரி. அவர் சொன்னால் அந்த வீட்டில் சட்டம்.

தண்ணீர் குடித்துவிட்டு வந்த ஹெர்சோன், மனைவியின் தோளுக்கு மேலாகப் படத்தை எட்டிப் பார்த்தான்.

"நுபியா, அதைக் கொஞ்சம் பெருசாக்கு. கட்டை இல்லை, அதுக்குப் பின்னால. மேஜை ஓரம்."

பெருசாக்கினாள். பாதி பிரித்த காய்ந்த இலை. மேலே முத்திரை. உள்ளே பல் பட்ட கொய்யாக் கட்டி.

"அட! எல்லாரும் கட்டையைப் பார்த்தா இவரு மட்டும் தின்பண்டத்தைப் பார்த்திருக்காரு" என்று எல்வியா கையைத் தட்டினாள்.

"நான் வைக்கவே இல்லையே! இது எப்படி அங்கே போச்சு?" என்றாள் நுபியா.

எல்லோரும் ஹெர்சோனைப் பார்த்தார்கள். அவன் மாமனாரை ஒரு முறை பார்த்தான்.

"நான்தான் வச்சேன்" என்றான். "திங்கத்தான் எடுத்தேன். என்னமோ மனசு கேக்கலை."

"எங்கே வச்சீங்க? அதையும் எழுதணும்."

"அது... பெட்டிக்குள்ளே... ஒரு பக்கமா..."

"திப்ளே போட்ட தோல் உறையோட உள்பையிலதான் வச்சிருப்பாரு" என்றார் பெரியவர், ஜன்னலைப் பார்த்தபடி. "வேற எங்கே வைக்க முடியும்? எழுது, நேரமாகுது."

எழுதி அனுப்பினாள். பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது போன் வந்தது. நிறுவனத்துப் பெண் பேசினாள்.

"பெட்டியில வேற எதுவுமே இல்லைன்னா, உங்க மேஜையில இருக்கிற கட்டி எங்கேருந்து வந்துச்சுன்னு வாங்கினவர்கிட்ட கேட்டோம். உறையோட உள்பையில இருந்துச்சுன்னு சொன்னார். எந்த உறைன்னு கேட்டோம். லைனைக் கட் பண்ணிட்டார். புகார் தள்ளுபடி. சாயங்காலத்துக்குள்ள பணம் வந்துரும். உங்க கடை மேல எந்தக் குறையும் எழுத மாட்டோம்."

நுபியா அப்படியே மரத்தூள் மேல் உட்கார்ந்துவிட்டாள். எல்வியா சிலுவை போட்டுக்கொண்டாள். தோன் பெலிசாரியோ தொப்பியைக் கழற்றி, நெற்றியைத் துடைத்து, நிதானமாக மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"மாப்பிள்ளைக்கு ஒரு கட்டி எடுத்துக் குடும்மா" என்றார். பிறகு, "ரெண்டாக் குடு."

மாமனார் பேச்சை மீறிக் கொசுறு வைத்து அரிசா வீட்டு மானத்தைக் காப்பாற்றியவன் ஹெர்சோன் என்று வெலெஸ் ஊரில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். அது பொய்: ஹெர்சோன் அந்தப் பொட்டலத்தைத் தொட்டதே இல்லை, மூன்று வருடமாக டப்பாவில் குறைந்த ஒவ்வொரு கட்டியையும், தாம் செய்த ஒவ்வொரு திப்ளேயின் உறைக்குள்ளும் யாருக்கும் தெரியாமல் வைத்து அனுப்பியவர் தோன் பெலிசாரியோதான்.