தட்டைமலைத் தொலைநோக்கி

தையல்காரியின் கணவர் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் படுத்து நாற்பது நாளாகிவிட்டது. "அண்ணி, கொஞ்சம் காத்தாட வாங்க, இல்லேன்னா நீங்களும் படுத்துருவீங்க" என்று நாத்தனார்தான் அவளை நகரத்துக்கு வெளியே இருந்த தட்டைமலைப் பூங்காவுக்கு இழுத்து வந்தாள். உச்சி மேசைபோல் சமமாக இருந்தது. முழங்கால் உயரப் புல்லுக்குள் நடந்து விளிம்புக்கு வந்தார்கள். அங்கே ஒரு தொலைநோக்கி இருந்தது.

தையல்காரி அதில் தன் வீட்டைத் தேடினாள். பச்சைத் தண்ணீர்த்தொட்டியை வைத்து மொட்டைமாடியைக் கண்டுபிடித்தாள். அங்கே கணவர் நின்று, கட்டம்போட்ட சட்டையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

அவள் விலகி நாத்தனாருக்கு இடம் விட்டாள். நாத்தனார் வெகுநேரம் பார்த்தாள்.

"அண்ணன் ரொம்ப எளச்சுப் போயிட்டாரு, அண்ணி. ஆனா நல்லாத்தான் நிக்கிறாரு."

அரக்கப்பரக்க வீடு வந்து சேர்ந்தார்கள். போட்ட பூட்டு போட்டபடி இருந்தது. மாடியில் யாரும் இல்லை. கொடியில் அந்தச் சட்டை மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். "அப்படியேதாம்மா இருக்காரு" என்றார் நர்ஸ்.

தையல்காரி அழவில்லை. சட்டை காயும்வரை மாடியிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு தையல் மிஷினைத் திறந்து, சட்டையை இரண்டு பக்கமும் ஒரு விரற்கடை பிடித்துத் தைத்தாள். அவர் வீட்டுக்கு வரும்போது போட்டுக்கொள்ள, மடித்துப் பையில் வைத்தாள்.